மூடி அடிக்காத பாட்டில்கள்

சில்வர்டன், ஆரிகன்
மார்ச் 4, 1991

அண்ணா,

மூன்று வருஷம் ஆகப்போகிறது. பிரிக்காமலே குப்பையில் போட்டுவிடுவாயோ என்றுதான் உறையின் மேல் பெரிய எழுத்தில் ‘பீர் விஷயம்’ என்று எழுதியிருக்கிறேன். அதைப் பார்த்த பிறகு பிரிக்காமல் இருக்க உன்னால் முடியாது.

விஷயம் இதுதான். போன மாதம் தனியாகவே ஒரு தடவை காய்ச்சினேன். துணி துவைக்கும் அறையில், மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில். உன் நிலவறையில் எட்டு வருஷம் உன் பக்கத்தில் நின்று காய்ச்சியவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்ற திமிர். ஐந்தாம் நாள் குமிழி நின்றது. பாட்டிலில் நிரப்பி, மூடி அடித்து, கோட்டு மாட்டும் அலமாரியில் அடுக்கினேன். பத்தாம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது ‘டமார்’ என்று ஒரு சத்தம். என் வீட்டுக்காரர் வெண்டல் என்னைப் பிடித்து மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, “தலையைத் தூக்காத! எவனோ சுடுறான்!” என்று கத்தினார். மேஜைக்கு அடியில் கிடந்தபடியே சொன்னேன்: “யாரும் சுடல. என் பீர்தான்.” பதினாலு பாட்டில் போயிற்று. என் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனால் மதுக்கடையே நடந்து வருவதுபோல் இருக்கிறது.

பாட்டிலில் நிரப்பும்போது சர்க்கரை எவ்வளவு போடுவோம்? அளவு எப்போதும் உன் பொறுப்பு, பாட்டில் கழுவுவது என் பொறுப்பு. இங்கே கடையில் கேட்டால் சொல்வார்கள். நான் உன்னிடம் கேட்கிறேன்.

கல்யாணத்தைப் பற்றி எழுதக் கூடாது என்று தீர்மானித்துத்தான் உட்கார்ந்தேன். பேனா அங்கேயே போய் நிற்கிறது. ஷெபாய்கனில், உன் வீட்டுக்குப் பக்கத்துக் கூடத்திலேயே கல்யாணம்; நீ பத்துப் பெட்டி பீர் கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தாய். அப்பா இல்லாத இடத்தில் நின்று நீதான் முதல் கிளாஸை உயர்த்தி வாழ்த்துவதாக இருந்தது. காலையில் போன் வந்தது: “சர்ச்சுல நடக்காத கல்யாணத்துக்கு நான் வர மாட்டேன்.” அவ்வளவுதான், வைத்துவிட்டாய். நாற்பத்தெட்டு வயதில் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டவள், சாயங்காலம் வரை வெட்கமில்லாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி. சர்க்கரை அளவை எழுது.

டெலோரஸ்


ஷெபாய்கன், விஸ்கான்சின்
மார்ச் 15, 1991

டெலோரஸ்,

ஐந்து காலனுக்கு முக்கால் கப் சோளச் சர்க்கரை. இரண்டு கப் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறவைத்துச் சேர்க்க வேண்டும். உன் தவறு சர்க்கரையில் இருக்காது, அவசரத்தில் இருக்கும். குமிழி நின்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம் இல்லை. அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு எண்ணைக் குறித்துக்கொள். மூன்று நாள் கழித்து மறுபடி பார். எண் மாறாமல் இருந்தால்தான் பாட்டில். இதை எட்டு வருஷம் பார்த்திருக்கிறாய்.

நான் இப்போது காய்ச்சுவதில்லை. நேரம் இல்லை.

உன் வீட்டுக்காரர் உன்னை மேஜைக்கு அடியில் தள்ளியது சரியான காரியம்.

ஃப்ளோரியன்


சில்வர்டன்
மார்ச் 30, 1991

அண்ணா,

நேரம் இல்லையா? ஆலையை விட்டு ஓய்வுபெற்று இரண்டு வருஷம் ஆன மனுஷன். பெண்டாட்டி இல்லை, நாய்கூட இல்லை. எந்த நேரத்தை யார் பிடுங்கிக்கொண்டு போனார்கள்?

இன்னொன்று, எப்போதிலிருந்து நீ டைப் அடிக்கிறாய்? வார்ப்படத்துக்கு மரத்தில் அச்சு செதுக்கி முப்பத்தாறு வருஷம் ஓட்டியவன் நீ. உன் கையெழுத்தே செதுக்கியதுபோல் இருக்கும். உறைக்குள் அந்த டைப் அடித்த தாளைப் பார்த்ததும் வரி ஆபீஸிலிருந்து வந்ததோ என்று பயந்துபோனேன்.

உன் கடிதம் வந்தபோது அடுத்த பீர் வாளியில் புளித்துத் தயாராக இருந்தது. அளவு சரியாக வந்தது. இந்தத் தடவை எதுவும் வெடிக்கவில்லை. வெண்டல் முதல் வாய் குடித்துவிட்டு, “உங்க அண்ணனுக்கு என்னைப் பிடிக்காட்டியும் பரவாயில்ல, இந்த அளவைச் சொன்னதுக்கே அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கேன்” என்றார். அவர், பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூ விளையும் தோட்டத்தில் இயந்திரம் பழுது பார்க்கிறவர் என்று உனக்குத் தெரியும். உலர்ந்த ஹாப்ஸ் ஒரு பொட்டலம் உனக்கென்று கட்டி வைத்திருக்கிறார். நீ காய்ச்சவில்லை என்று எழுதியதை அவரிடம் நான் சொல்லவில்லை.

நிஜமாகவே நீ காய்ச்சாவிட்டால், நம் பெரிய கண்ணாடி ஜாடியை எனக்கு அனுப்பிவிடு. நாம் இருவரும் சேர்ந்து வாங்கியது, பாதி என்னுடையது. வைக்கோல் வைத்து மரப்பெட்டியில் அடைத்தால் லாரியில் பத்திரமாக வந்து சேரும். வாளியில் புளித்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. நுரை எழுந்து அடங்குவதைப் பார்ப்பதில் பாதி சந்தோஷம் இருக்கிறது.

டெலோரஸ்


ஷெபாய்கன்
ஏப்ரல் 6, 1991

டெலோரஸ்,

ஜாடியை அனுப்ப முடியாது. உடைந்துவிட்டது. போன நவம்பரில் நிலவறைப் படியில் எடுத்துக்கொண்டு இறங்கும்போது நழுவிற்று. கழுவிய ஜாடி, ஈரம். யாருக்கும் நடக்கக்கூடியது. இடது உள்ளங்கையில் பதினொரு தையல், இப்போது ஆறிவிட்டது. மேல்மாடியில் குடியிருக்கும் திருமதி வோய்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அந்த அம்மாள் எதையும் மூன்று மடங்காக்கிச் சொல்கிறவர். அவரிடம் எதுவும் விசாரிக்க வேண்டாம்.

பாதி உன்னுடையது என்பது உண்மை. புது ஜாடி ஒன்று வாங்கி உன் விலாசத்துக்கு அனுப்பச் சொல்கிறேன்.

மூடி அடிக்கும் கருவி, பாட்டில்கள், குழாய்கள் எல்லாம் இருக்கின்றன. வேண்டுமானால் எடுத்துக்கொள். இங்கே சும்மா கிடக்கின்றன.

ஃப்ளோரியன்


சில்வர்டன்
ஏப்ரல் 13, 1991

அண்ணா,

விசாரிக்க வேண்டாம் என்று எழுதியதால் விசாரித்தேன். உனக்குப் போன் செய்தால் “எல்லாம் நல்லா இருக்கு” என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால் மேல்மாடிக்குச் செய்தேன்.

அவர் மூன்று மடங்கெல்லாம் ஆக்கவில்லை. அழுதுகொண்டே சொன்னார். “உங்கண்ணன் கை நடுங்குதும்மா. இன்னிக்கு நேத்து இல்ல, ரொம்ப நாளா. சட்டைப் பித்தான் போட்டுக்க அரை மணி நேரம் ஆகுது. நான் போட்டுவிடறேன்னா கதவைச் சாத்திக்கறார்” என்றார். கூட்டாளிகளோடு வெள்ளிக்கிழமை மீன் சாப்பாட்டுக்கு நீ போய் இரண்டு வருஷம் ஆகிறதாமே. அந்த மேஜையில் உன் நாற்காலியை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறார்களாம். தெரியுமா உனக்கு?

படியில் ரத்தம் வழிய உட்கார்ந்துகொண்டு கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாயாம். அவர் துணி உலர்த்த இறங்கி வந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்? அதை நினைத்தால் எனக்கு உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். கல்யாணத்தன்றும் இதுதானா? மூன்று வருஷமாக என் வீட்டுக்காரரை நீ வெறுக்கிறாய் என்று நினைத்து, அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் உனக்காக நான் வெட்கப்பட்டிருக்கிறேன். அதெல்லாம் இதற்காகவா?

ஜாடி அனுப்பாதே. கண்ணாடி என்ற பொருளையே இனி நீ தூக்கக் கூடாது.

டெலோரஸ்


ஷெபாய்கன்
ஏப்ரல் 22, 1991

டெலோரஸ்,

கையால் எழுதுகிறேன். இரண்டு நாளாக எழுதுகிறேன். படிக்க முடியாத இடத்தை விட்டுவிட்டுப் படி.

ஆமாம். இதுதான்.

உன் கல்யாண பீரை ஐந்து தடவையாகக் காய்ச்சினேன். நன்றாக வந்திருந்தது. கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பு இருநூற்று நாற்பது பாட்டிலையும் வரிசையாக நிறுத்தி மூடி அடிக்க ஆரம்பித்தேன். கருவியின் இரண்டு கைப்பிடியும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் இறங்க வேண்டும். எனக்கு ஒன்று முந்திற்று. மூடி சாய்ந்தது, கழுத்து உடைந்தது. கொஞ்ச நாளாகவே காப்பிக் கோப்பை ஆடும், வயதாகிறது என்று விட்டிருந்தேன். அன்றைக்குத்தான் கையைப் பார்த்தேன். முப்பத்தொரு பாட்டில் அடித்தேன், ஒன்பது உடைந்தது. மீதியை யாரையாவது கூப்பிட்டு அடித்திருக்கலாம். கூப்பிட வாய் வரவில்லை. அவ்வளவையும் சாக்கடையில் ஊற்றினேன்.

ஆனாலும் அன்று காலையில் உடுத்திக்கொண்டு கிளம்பினேன். காரில் உட்கார்ந்தேன். நூறு பேர் முன்னால் யாரோ என் கையில் கிளாஸைக் கொடுப்பார்கள், நான் எழுந்து நிற்க வேண்டும் என்று நினைத்ததும் சாவியைத் துவாரத்தில் செருக முடியவில்லை. உள்ளே போய் உனக்குப் போன் செய்தேன். பயமாயிருக்கிறது என்று சொல்வதைவிடக் கோபமாயிருக்கிறது என்று சொல்வது எளிதாக இருந்தது. அந்த வார்த்தையை உன்னிடம் சொன்னதற்கு மன்னித்துக்கொள். உன் வீட்டுக்காரர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவரோடு பத்து நிமிஷம் பேசியிருப்பேனா?

முதுகு வலி என்று சொல்லித்தான் ஆலை வேலையை விட்டேன். முதுகு நன்றாகத்தான் இருக்கிறது.

தையல் பிரித்த பிறகு மில்வாக்கியில் டாக்டரைப் பார்த்தேன். “பயப்படற வியாதி இல்ல. சில குடும்பத்துல வர்ற நடுக்கம். உயிருக்கு ஒண்ணும் பண்ணாது, குணமும் ஆகாது” என்றார். அப்பா சூப்பைக் கிண்ணத்தோடு இரண்டு கையாலும் தூக்கிக் குடிப்பாரே, நாகரிகம் தெரியாதவர் என்று நாம் சிரிப்போமே. டாக்டர் பேசப் பேச எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிளாஸ் பீர் குடித்தால் நடுக்கம் கொஞ்ச நேரம் அடங்கும். டாக்டரும் அப்படித்தான் என்கிறார். அதனால்தான் நிறுத்தினேன். ருசிக்குக் குடித்த பொருளை மருந்துக்குக் குடிக்க ஆரம்பித்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியும். பீர் இல்லை என்றான பிறகு காய்ச்சுவது எதற்கு?

ஃப்ளோரியன்


சில்வர்டன்
மே 20, 1991

அண்ணா,

உன் கடிதத்தைப் பதிலே எழுதாமல் ஒரு வாரம் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு வெண்டலிடம் கொடுத்தேன். அனுமதி கேட்கவில்லை, கோபித்துக்கொள். படித்துவிட்டு மடித்து என்னிடம் கொடுத்தார். அப்புறம், “பாட்டில் ஏன்?” என்றார். புரியாமல் பார்த்தேன். “அவர் கை சரியில்லைன்னா கையை ஏன் திட்டணும்? பாட்டிலை விட்டுத் தொலைக்கட்டுமே” என்றார்.

இந்தக் கடிதத்தோடு லாரியில் வந்திருக்கும் பெட்டியை நீயே பிரிக்க வேண்டாம், திருமதி வோய்ட்டைக் கூப்பிடு. உள்ளே இரண்டு எஃகுப் பீப்பாய்கள். சோடா கம்பெனிக்காரர்கள் கழித்துப் போட்டவை. பார்க்க அழகாயிராது, படியில் உருட்டிவிட்டாலும் உடையாது. குட்டையான குழல் வைத்தது புளிக்கவைக்க. அடியில் படியும் மண்டியை இழுக்காதபடி வெண்டல் ஓர் அங்குலம் வெட்டியிருக்கிறார். அதில் நான்கு காலனுக்கு மேல் ஊற்றாதே, நுரைக்கு இடம் வேண்டும். மேலே உள்ள துளையிலிருந்து ரப்பர் குழாயை ஒரு ஜாடி தண்ணீருக்குள் விடு, குமிழி அங்கே வரும். புளித்து முடிந்ததும் சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடு கேஸை மெதுவாகத் திறந்தால் பீர் தானாகவே அடுத்த பீப்பாய்க்குப் போய்விடும். தூக்குவது இல்லை, சாய்ப்பது இல்லை, மூடி அடிப்பது இல்லவே இல்லை. காய்ச்ச ஒரு பானையும் வைத்திருக்கிறோம், அதன் அடியிலும் அவர் ஒரு குழாய் பற்றவைத்திருக்கிறார். கேஸ் சிலிண்டரை மட்டும் அங்கே வெல்டிங் கடையில் வாங்கிக்கொள்.

பித்தளைக் குழாய் உன் பழைய பிரிட்ஜின் கதவுக்கு; பீப்பாயை உள்ளே வைத்தால் கதவைத் திறக்காமலே பீர் பிடிக்கலாம். கைப்பிடி ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்பாய். விரலால் பிடிக்க வேண்டியதில்லை, முழங்கையால் தள்ளினாலே திறக்கும். கிளாஸைக் கையில் பிடிக்காதே. கீழே ஒரு தட்டு அடித்து அதன்மேல் வை.

முக்கியம்: இரண்டாவது பீப்பாயில் உள்ள பழைய ரப்பர் வளையங்கள் ஐந்தையும் மாற்று, பழைய சோடா மணம் அதில்தான் ஊறியிருக்கும்; முதலாவதில் வெண்டலே மாற்றிவிட்டார். புது வளையங்கள் பழுப்பு உறையில் இருக்கின்றன.

குடிப்பதும் குடிக்காததும் உன் இஷ்டம். நீ பயப்படுவது நியாயம்தான். ஆனால் காய்ச்சுகிறவன் குடித்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. உன் பீரை உன்னைவிட அதிகமாகக் குடித்தது எப்போதும் மற்றவர்கள்தான்.

டெலோரஸ்


ஷெபாய்கன்
ஜூன் 25, 1991

டெலோரஸ்,

பெட்டி வந்த அன்று எனக்குக் கோபம் வந்தது. நொண்டிக்கு ஊன்றுகோல் அனுப்புவதுபோல அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து ஒரு வாரம் வாசல் நடையிலேயே போட்டிருந்தேன். தபால்காரர் இரண்டு தடவை தடுக்கி விழப்பார்த்தார். திருமதி வோய்ட் வந்து, “இதை உள்ள எடுத்து வைக்கறீங்களா, இல்ல நானே பூச்செடி வச்சிடட்டுமா?” என்றார்.

பிரித்துப் பார்த்தேன். பானையில் பற்றவைத்த இடத்தைப் பார்த்தேன். விரல் வைத்தால் இணைப்புத் தெரியவில்லை. வேலை தெரிந்த கை. இரக்கப்பட்டுச் செய்கிற வேலை அவ்வளவு சுத்தமாக இருக்காது. அதன் பிறகு கோபம் தங்கவில்லை.

பிரிட்ஜ் கதவில் துளை போட, துரப்பணம் நழுவாமல் இருக்க மரத்தில் ஒரு பிடி செய்துகொண்டேன். செய்ய நான்கு நாள் ஆயிற்று, முன்பென்றால் ஒரு மணி நேரம். துளை நேராக விழுந்தது.

முதல் தடவை காய்ச்சிய பீரைப் பற்றிக் கேட்காதே. சரி, கேள். நான்கு வளையம் மாற்றினேன், ஐந்தாவது உறைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்க்கவில்லை. மூன்று வாரம் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்ட பீர், பிள்ளைகள் பிறந்தநாளில் குடிக்கும் ரூட் பீர் சோடா மணத்தோடு வந்தது. திருமதி வோய்ட் ஒரு கிளாஸ் முழுக்கக் குடித்துவிட்டு, “இதுவரைக்கும் நீங்க காய்ச்சினதுலயே இதுதான் அருமை” என்றார். எட்டு வருஷம் என் நல்ல பீரையெல்லாம் குடித்த அம்மாள்.

சிரித்தேன். கை நடுங்கிக்கொண்டே இருந்தது, கூடவே சிரித்தேன்.

வளையத்தை மாற்றி மறுபடி காய்ச்சியிருக்கிறேன். உன் வீட்டுக்காரரின் ஹாப்ஸ். கேஸ் அழுத்தம் எவ்வளவு வைக்கலாம் என்று அவரிடம் கேட்டு எழுது.

ஃப்ளோரியன்


சில்வர்டன்
ஜூலை 3, 1991

அண்ணா,

பத்துப் பவுண்டு. நுரை அதிகமானால் குழாயை இன்னும் நீளமாகப் போடச் சொல்கிறார்.

செப்டம்பரில் ஹாப்ஸ் அறுவடை முடிந்ததும் நாங்கள் இருவரும் ரயிலில் வருகிறோம். கூடம் வேண்டாம், பேச்சு வேண்டாம், யாரையும் அழைக்க வேண்டாம். உன் சமையலறையில் உட்கார்ந்து ரொட்டியில் பிராட்வர்ஸ்ட் சாஸேஜ் வைத்துச் சாப்பிட வேண்டும். வர வேண்டாம் என்று எழுதினால் கடிதம் வழியில் தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடுவேன்.

வெண்டல் இன்றைக்கே துணிப்பெட்டியை இறக்கித் தூசி தட்டுகிறார். இரண்டு மாதம் இருக்கிறது என்றால், “இருக்கட்டும்” என்கிறார்.

டெலோரஸ்


ஷெபாய்கன்
ஆகஸ்ட் 19, 1991

டெலோரஸ்,

வா.

நேற்று சர்ச் மைதானத்தில் கோடைக்கால விருந்து. மூன்று வருஷமாக நான் போகவில்லை. வெள்ளிக்கிழமை மேஜைக்காரர்கள் இந்தத் தடவை வீட்டுக்கே வந்துவிட்டார்கள். மேல்மாடியிலிருந்து யார் போய்ச் சொல்லியிருப்பார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. “பீப்பாய் பீர் வச்சிருக்கியாமே, எங்களுக்குக் காட்டாம யாருக்கு வச்சிருக்க?” என்றார்கள். அவர்களே தூக்கி வண்டியில் ஏற்றினார்கள்.

பீப்பாயை ஐஸில் நிறுத்த ஒரு மரப்பெட்டி செய்தேன். முன் பலகையில் குழாய், அதற்குக் கீழே கிளாஸ் வைக்கத் தட்டு. மூலைகளைப் பொருத்த வழக்கத்தைவிட நாளானது. ஆனால் இடுக்கில் தாள் நுழையாது, நீ வந்து பார்.

மரத்தடியில் பெட்டியை வைத்து நின்றேன். வரிசை வந்தது. முதல் பத்துக் கிளாஸுக்கு யார் முகத்தையும் பார்க்கவில்லை. நீளக் கைப்பிடியை முழங்கையால் தள்ளுவது, நிறுத்துவது, “எடுத்துக்கங்க” என்பது. எல்லாரும் என் கையைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. பார்த்தார்களோ என்னவோ. நிமிர்ந்தபோது முக்கால்வாசிப் பேர் பிராட்வர்ஸ்ட் வேகும் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு பாதிரியார் வந்தார். புதியவர், இந்த வசந்தத்தில் வந்தவர், எதையும் உரக்கக் கேட்கிற மனுஷர். “கையில என்ன ஆச்சு?” என்றார். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பழைய ஆளாயிருந்தால் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்திருப்பேன். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: “நடுங்குது, ஃபாதர். அது பாட்டுக்கு நடுங்கட்டும். உங்களுக்குச் சின்ன கிளாஸா, பெரிசா?”

“பெரிசு” என்றார்.

நாலு மணிக்குள் இரண்டு பீப்பாயும் காலி. நான் ஒரு கிளாஸ் குடித்தேன், எல்லாம் முடிந்து பெட்டியைக் கழுவிய பிறகு. ருசிக்காகத்தான் குடித்தேன் என்று எனக்கே தெரிந்தது. கசப்பு கொஞ்சம் தூக்கல். அடுத்த தடவை குறைக்க வேண்டும்.

மில்வாக்கி ரயிலடிக்கு நான் வருகிறேன். கார் ஓட்டுவது திருமதி வோய்ட். அது எனக்கும் கவலைதான்.

இனி எழுதுவது உன் வீட்டுக்காரருக்கு. படித்துக் காட்டு.

மாப்பிள்ளை, டெலோரஸ் எதையாவது ரிப்பேர் பண்ணச் சொல்லி உங்கள் கருவிப் பெட்டியைத் தூக்கிவரச் சொல்வாள். கேட்காதீர்கள், கனக்கும். இங்கே வேண்டியதெல்லாம் இருக்கிறது. நீங்கள் வெறுங்கையோடு வாருங்கள்.

ஃப்ளோரியன்